அப்பா குழம்பு வேண்டுமா என்று கேட்கிறார்

அமைச்சர் இன்னும் வந்தபாடில்லை. சேனல் ஸ்டுடியோவில் பச்சைத் துணிக்கு முன்னால், தரையில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவின் மேல், ஜெசிந்தா கைகளைக் கோத்து வயிற்றோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே இருந்த திரையில் புது மேம்பாலம் தெரிந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் வாழைமரம், பாலத்துக்குக் கீழே பந்தல், பந்தலுக்கு வெளியே இடம் கிடைக்காமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஜனம், பதினோரு மணி வெயில். அந்தப் படத்தின் வலது கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம், அதற்குள் அவள். காது கேளாதவர்களுக்காகச் சேனல் ஒதுக்கியிருந்த இடம் அது. அமைச்சர் வாயால் பேசுவதை அவள் கையால் பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை. கறுப்புச் சட்டை, கறுப்பில்தான் கை தெரியும். மோதிரம் மின்னும் என்பதால் கழற்றிக் கைப்பையில் போட்டாயிற்று. நகத்தில் சாயம் கூடாது, நெற்றியில் முடி விழக் கூடாது, ஏனென்றால் சைகையில் பாதி முகத்தில்தான் இருக்கிறது, புருவத்தை உயர்த்தாவிட்டால் கேள்வி கேள்வியாகாது. காதில் செருகியிருந்த கருவியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளன் நிர்மல் கனைத்தான். மேடம், இவர் வாய் உங்களுக்குத் தெரியும்ல, எங்கேயாச்சும் சறுக்கினா நீங்க கொஞ்சம் பாத்து சரியாப் பண்ணிடுங்க, மேலேருந்து சொல்லியிருக்காங்க என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை திரையின் மூலையிலும் ஆடியது. சரியாப் பண்ணிடுங்க. அதைத்தானே பிறந்ததிலிருந்து பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் இதே அமைச்சர் இதைவிடச் சின்ன மேடை ஒன்றில் ஏறி, மறைந்த நமது மாவட்டச் செயலாளர் அவர்களே என்று ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாவட்டச் செயலாளர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். யாரும் திருத்தவில்லை. அமைச்சரும் விடாமல், அவர் விட்டுச்சென்ற பணிகளைத் தொடர்வோம் என்றார். அதற்கும் அவர் எழுந்து கும்பிட்டார். ஜெசிந்தாவின் கை மட்டும் தானாகவே மறைந்த என்பதை மூத்த என்று மாற்றிக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை, கசங்கிய துணியைக் கண்டால் உள்ளங்கை தானாக நீவிவிடுவதில்லையா, அப்படி. அன்று சாயங்காலத்துக்குள் ஊரே அந்த இடத்தை மட்டும் வெட்டிய வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை காது கேளாதோர் சங்கத்தில் ஒரு பெண் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, தன் கைகளால் மெதுவாகக் கேட்டாள். பஸ்ஸில் எல்லாரும் போனைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் அந்தப் பேச்சைப் பார்த்தேன், நீதான் சொன்னாய், அதில் சிரிக்க என்ன இருந்தது, எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை. ஜெசிந்தா அதற்கு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இப்போது நினைவில்லை, அந்தப் பெண்ணின் புருவம் இறங்காமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு சிரிப்பு ஊரைச் சுற்றி வந்திருக்கிறது, இவர்கள் வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல் போய்விட்டது, வழியை மறித்தது இவள். திருமேனி அதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பான். முதலில் செத்துப்போன மாவட்டச் செயலாளராக எழுந்து கும்பிட்டுக் காட்டியிருப்பான். பிறகு அவளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்திருப்பான்.

திருமேனி கோயம்புத்தூரில் இருக்கிறான். சொல்லிக்கொள்வதற்கு இன்னும் அவள் கணவன்தான். பிறவியிலேயே காது கேளாதவன், அச்சகத்தில் வேலை, கன்னத்தில் விழும் குழியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் சைகையில் அதுதான் அவன் பெயர். அவளுக்கு அவன் வைத்த பெயர் நெற்றியருகே விரல் மேலே துள்ளுவது, ஏனென்றால் அவளுக்குப் புருவம் முந்திக்கொண்டு பேசும். சிறப்புப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது பழக்கம். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய டிவியில் பழைய படம் போடுவார்கள், பேச்சை யாராவது சைகையில் சொல்ல வேண்டும், அந்த யாராவது எப்போதும் அவள். மற்றவர்கள் கதை புரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். திருமேனிக்கு எல்லாம் வேண்டும். பாட்டு நடுவில் லாலா லாலா என்று பாடினால் அதையும் சொல்ல வேண்டும். லாலா என்றால் என்ன. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை எதற்கு இவ்வளவு நேரம் பாடுகிறாள். ஒரு படத்தில் கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வில்லனின் குகைக்குள் போவான், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மறு வாரம் திருமேனி கன்னத்தில் உளுந்து ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்து, சங்கத்தில் ஒவ்வொருவரிடமும் போய், திருமேனி எங்கே, பார்த்தீர்களா என்று விசாரித்தான். இவளிடமும் வந்து கேட்டான். அவர் ஊருக்குப் போயிருக்கிறார், நீங்கள் யார் என்று இவள் கேட்டாள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த உளுந்து கடைசியில் டீக்குள் விழுந்தது. திரையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். அமைச்சர் இல்லை, மைக் செட்டுக்காரர். கை உயரப் போய் அடங்கியது.

கல்யாணமான புதிதில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீடு, ஒரு பழைய டிவி, மாலை ஆறரை மணிக்கு ஒரு தொடர். மாமியார் மருமகளைப் பார்த்து, உன் புருஷன் உயிரோடுதான் இருக்கான் என்பாள். உடனே மருமகள் முகம் கிட்டே வரும், மறுபடி கிட்டே வரும், மறுபடியும் வரும். பிறகு மாமியார் முகம் அதேபோல. பிறகு அந்த வீட்டு வேலைக்காரி, பிறகு கூண்டில் இருக்கிற கிளி. முதல் நாள் திருமேனி எழுந்துபோய் டிவியின் பின்பக்கம் தட்டினான், பெட்டி பழுது என்று நினைத்து. இல்லை, அப்படித்தான் காட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும் டங் என்று ஒரு சத்தம் வரும் என்றாள். டங் எப்படி இருக்கும். அதை எப்படிச் சொல்வது. அவனை உட்காரவைத்து, மருமகள் முகம் கிட்டே வரும்போதெல்லாம் அவன் நெஞ்சில் உள்ளங்கையால் அடித்தாள். டங், டங், டங். கிளிக்கும் சேர்த்து அடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை என்றான். தொடர் முடிந்து விளம்பரம் வந்த பிறகும் இன்னொரு முறை என்றான். ஐந்து வருஷம் ஒரு மனிதனோடு வாழ்ந்ததில் எது மிஞ்சுகிறது என்று யாராவது கேட்டால் எதைச் சொல்வது, கோயில் குளம் போனதையா, பாண்டிச்சேரி போனதையா. உள்ளங்கையில் அந்த நெஞ்சு இருக்கிறது. இப்போதுகூட இருக்கிறது. அவள் கைகளைப் பிரித்து, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். மேடம், கேமரா ஆன்ல இருக்கு என்றான் நிர்மல்.

சிரிப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதும் அவனிடம்தான் தெரிந்தது. பழைய படம் ஒன்றில் ஊமைப் பெண் ஒருத்தி. கடைசிக் காட்சியில் அண்ணனை வில்லன் சுடப் போகும்போது இடி இடிக்கும், கோயில் மணி தானாக ஆடும், அவளுக்குப் பேச்சு வந்துவிடும். அண்ணா என்று கத்துவாள். தியேட்டரே அழுத படம் என்று சொல்வார்கள். திருமேனி அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த ஒரு வாரம், பால் பொங்கினாலும் மின்சாரம் போனாலும், தொண்டையைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வந்துவிட்டவனைப் போல வாயைத் திறந்து காட்டினான். வார முடிவில் துணி மடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, எங்களைப் பற்றி எடுத்த படங்களில் கடைசியில் எல்லாரையும் குணப்படுத்திவிடுகிறார்கள், அப்படியே விட்டால் படம் முடிந்த மாதிரி அவர்களுக்குத் தெரிவதில்லை போல என்றான். சொல்லிவிட்டுச் சட்டையின் கையை ஒழுங்காக மடித்தான். அரசியல்வாதிகளை அவனுக்குப் பிடிக்கும். உதட்டைப் பார்த்தே பாதி படித்துவிடுவான், மீதிக்கு அவள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், இந்த இனிய விழாவை ஏற்பாடு செய்த குடும்பத்தாருக்கு நன்றி, ஆண்டுதோறும் இது தொடர வேண்டும் என்று பேசினார். இன்னொருவர், கொசுவைத் தங்குதடையின்றி வழங்குவோம், குடிநீரை அடியோடு ஒழிப்போம் என்றார். அவன் அதையெல்லாம் சேர்த்துவைத்திருந்தான், ஒவ்வொருவரின் மூக்கு, துண்டு, கை வீச்சோடு. வாய் தவறும்போதுதான் ஒரு மனுஷனைப் பார்க்க முடிகிறது, மற்ற நேரமெல்லாம் எழுதிக்கொடுத்தவனைத்தான் பார்க்கிறோம் என்பான். அப்படிப்பட்டவன் ஐந்து வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் தன் மாமனாரைப் பார்க்கவே இல்லை. பார்க்க விடவில்லை அவள்.

பந்தலில் பட்டாசு வெடித்தது, வந்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, யாரோ உள்ளூர்க்காரர். அந்த ஈஸ்டர் மதியத்தை நினைக்கக் கூடாது என்று எவ்வளவு தள்ளிவைத்தாலும் இப்படிச் சும்மா நிற்கிற நேரத்தில்தான் அது வந்து நிற்கிறது. திருச்சி பொன்மலை, ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்து நாற்காலிகள், வாழையிலை, ஆட்டுக்கறிக் குழம்பு. அப்பா ஆரோக்கியசாமி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, ஒன்று நினைத்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் சாப்பிடுவார். ஏம்மா, நாளைக்கு ஒரு புள்ள பொறந்து அதுக்கும் காது கேக்காமப் போச்சுன்னா என்ன பண்றதா இருக்கீங்க, கேளு அவர்கிட்ட என்றார். திருமேனி இலையிலிருந்து நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று புருவத்தால் கேட்டான். அவள் கைகள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அப்பா குழம்பு வேண்டுமா என்று கேட்கிறார். அவன் சிரித்து, வயிறு நிறைந்துவிட்டது, ரொம்ப நன்றாக இருந்தது என்றான். அவள் அப்பாவிடம் திரும்பி, கடவுள் விட்ட வழி மாமா என்று சொல்கிறார் என்றாள். அப்பா, பொறுப்பான பதில்தான் என்பது போலத் தலையசைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். எவ்வளவு ஒழுங்காக நடந்தது. எல்லார் வயிறும் நிறைந்தது. பஸ்ஸில் திரும்பும்போது விழுப்புரம் தாண்டுகிற வரை அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு திரும்பி, உன் அப்பா உதட்டில் காது என்ற சொல்லைப் பார்த்தேன், பிள்ளை என்ற சொல்லையும் பார்த்தேன், குழம்புக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். அவள் அப்போதும் ஏதோ நீவிவிடப் பார்த்தாள். அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கோபமாக இல்லை. சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டான். விட்ட பிறகு சொன்னான், உன் வீட்டில் ஐந்து வருஷமாக நான் ஒரு டப்பிங் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், நல்ல படம், மாமனார் ரொம்பப் பிரியமானவர். அடுத்த மாதம் கோயம்புத்தூர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கிடைத்ததா, கேட்டு வாங்கினானா, அதை அவள் கேட்கவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து. இரண்டு வருஷமாகிறது. சேனலில் இந்த வேலை வந்தபோது அவள் சம்மதித்ததற்குக் காரணம் வீட்டில் சொன்ன காரணம் எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு டீக்கடையில், ஏதோ ஒரு முடிதிருத்தும் கடையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். மூலையில் கை அசையும். அவன் நிமிர்ந்து பார்ப்பான்.

வந்துவிட்டார். இந்த முறை நிஜமாகவே. மாலைகள், வெள்ளி வாள், சால்வை, மறுபடி மாலை. மேடம் ரெடி என்றான் நிர்மல். அமைச்சர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், பிரித்தார், மடித்தார், உள்ளே வைத்தார். தாளைப் படிக்கிறவர்கள் பிரச்சினையில்லை. கைகள் எழுந்தன. பெரியோர்களே, தாய்மார்களே. அவர் ஒரு வாக்கியம் போனபின் இவள் ஒரு வாக்கியம், எப்போதும் ஒரு வாக்கியம் பின்னால், முந்தவும் முடியாது, ரொம்பப் பிந்தவும் கூடாது. இந்த வேலையின் விசித்திரம், கைகள் ஓட ஆரம்பித்துவிட்டால் மனம் சும்மா இருக்கும், வெளியே கூடப் போய்விட்டு வரும். இந்தப் பாலம் பல ஆண்டுக் கனவு. கனவு என்று நெற்றியிலிருந்து விரல் சுழன்று எழும்போது திருமேனியின் தூக்கம் ஞாபகம் வந்தது, தூக்கத்தில் அவன் விரல்கள் அசையும், ஏதேதோ பேசுவான், அவள் விழித்திருந்து படிக்கப் பார்ப்பாள், ஒரு சொல் பிடிபட்டால் அடுத்த சொல் போர்வைக்குள் போய்விடும். இத்தனை கோடி, இத்தனை தூண்கள். எண்கள் நல்லவை, எண்களில் நீவ ஒன்றுமில்லை. எதிர்க்கட்சியினர் கேட்கிறார்கள். வலது பக்கம் முகத்தைத் திருப்பி எதிர்க்கட்சி, இடது பக்கம் திருப்பி அமைச்சர். அவர்களுக்குச் சொல்கிறேன். குரல் ஏறியது. எங்கள் ஆட்சி முடிவதற்குள், இந்த மாவட்டத்தில், நல்ல சாலை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இது உறுதி. பந்தல் கைதட்டியது. அமைச்சர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பின்வரிசையில் அதிகாரி ஒருவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். அவர் சொல்ல வந்தது மோசமான சாலை. குழந்தைக்கும் தெரியும் அது மோசமான சாலை. மேடம் என்றான் நிர்மல், அந்த ஒரு சொல்லை மட்டும். அவள் வலது கை ஏற்கெனவே மோசமான என்பதற்குக் கிளம்பியிருந்தது, அவளைக் கேட்காமலே கிளம்பியிருந்தது. நெஞ்சுக்கு நேரே அதை அவள் பார்த்தாள். தன் கையைத் தானே, வேறு யாருடைய கையோ போல. எல்லார் வயிறும் நிறைய வேண்டும் என்று ஓடுகிற கை. பஸ்ஸில் அந்தச் சங்கத்துப் பெண் சிரிக்கிறவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கையைத் திருப்பினாள். நல்ல சாலை. பேச்சுக்கே இடமில்லை. எங்கள் உறுதி. அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தையும் ஒரு சொட்டுக் குறையாமல் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு, அவர் நிமிர்ந்த அளவுக்கே தானும் நிமிர்ந்து நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினாள், கூட்டம் கைதட்டுகிறது என்று.

பேச்சு முடிந்து கேமரா அணைந்ததும் நிர்மல் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கோபத்தைவிட அவன் முகத்தில் பயம்தான் அதிகம். என்ன மேடம், சொல்லித்தானே வெச்சேன் என்றான்.

"அவர் சொன்னதைத்தான் சொன்னேன் நிர்மல். மத்தவங்க காதால கேட்டதுதானே?"

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். நாளைக்கு வர வேண்டாம் என்றான், மறுநாளும் வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிட மாட்டான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மாடிப்படியில் இறங்கும்போது, போச்சே என்ற எண்ணம் வரும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இறங்கினாள். வந்தது வேறு. இனி கோயம்புத்தூரில் எந்த டீக்கடையிலும் தான் இருக்கப் போவதில்லை என்பது. தெருமுனைக் கடையில் டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, யோசிக்க இடம் கொடுத்தால் கை வேறு ஏதாவது செய்துவிடும் என்று பயந்து, சட்டென்று அவனை வீடியோவில் அழைத்தாள். பிஸ்கட் பாட்டில்மேல் போனைச் சாய்த்துவைத்தாள். இரண்டு கையும் வேண்டுமே. மணி போய்க்கொண்டிருந்தது. எடுக்க மாட்டான். எடுத்தான். அச்சகம். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் அவள் காதை அடைத்தது. முகம் கொஞ்சம் இளைத்திருந்தது, காதோரம் நரை, விரல்களில் நீல மை. ஒரு கையில் போனைப் பிடித்திருந்தான், மற்றக் கையால், என்ன, யாருக்கு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை, யாருக்கும் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, இன்று டிவி பார்த்தாயா என்றாள்.

அவன் அறையில் டிவி இல்லையாம். போனில் ஒரு தடவை போட்டுப் பார்த்தானாம், அந்தக் கட்டம் மிளகு அளவுக்குத் தெரிந்ததாம், அவள் கை தெரியவில்லையாம், அணைத்துவிட்டானாம். இரண்டு வருஷம் அவள் கேமராவைப் பார்த்து வீசிய கைகள் எல்லாம் அவள் கண்முன் ஒருமுறை வந்துபோயின. அழுகை வரும் போலிருந்தது, ஆனால் வந்தது என்னவோ சிரிப்பு. ஏன் சிரிக்கிறாய் என்றான். அவள் எழுந்து நின்றாள். தோளில் இல்லாத துண்டைச் சரிசெய்துகொண்டு, இல்லாத தாளை எடுத்து, பிரித்து, மடித்து, பையில் வைத்து, மேம்பாலத்தில் ஆரம்பித்து, நல்ல சாலை என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்பது வரை, செருப்பைக் குனிந்து பார்த்த அதிகாரியையும் விடாமல் செய்து காட்டினாள். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நிஜமாகவா என்றான் திருமேனி. நிஜமாக. நீ மாற்றவில்லையா. மாற்றவில்லை, வேலை போய்விட்டது. அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். இயந்திரச் சத்தத்துக்கு மேலே அந்தச் சிரிப்பு கேட்டது, தனக்குக் கேட்காத சிரிப்பு என்பதால் அதற்கு அளவே கிடையாது, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மரியாதைக்குக் கேட்பவனைப் போல, உன் அப்பா எப்படியிருக்கிறார் என்றான்.

நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அனுப்புகிற பதில் அதுதான். கைகள் அதற்காக எழுந்தும்விட்டன. பெஞ்சில் உட்கார்ந்து, அவற்றை மடியில் இறக்கி வைத்து, மறுபடி எடுத்தாள்.

"நன்றாக இருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் நீ இல்லாமல் முடியவில்லை."

படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தாள். உறையவில்லை, பின்னால் இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. திருமேனி ஒரு விரலை உயர்த்தி, இரு என்றான். படம் ஆடியது. கூரை, மின்விசிறி, அடுக்கிவைத்த தாள்கட்டுகள், அவன் முழங்கை. இயந்திரத்தின் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் எதிரே வந்து உட்கார்ந்தான், முகமும் இரண்டு கைகளும் முழுதாகத் தெரிகிற தூரத்தில்.